சுமப்பவர்கள் மக்கள், தீர்மானிப்பவர்கள் யார்? – வடக்குத் திருச்சபையில் பொதுநிலையினரின் இடம்

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி இரணைதீவு மக்கள் சுமார் 40 படகுகளில் வெள்ளைக்கொடிகளைக் கட்டிக்கொண்டு தங்களுடைய தீவுக்குப் போனார்கள். 1992இல் அவர்கள் இடம்பெயர்ந்த பின்னர் கடற்படையின் பிடியில் இருந்த நிலம் அது. 2017 மே 1ஆம் திகதி இரணைமாதாநகர் கரையில் தொடங்கிய போராட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு வருடமாகியும் பதில் கிடைக்கவில்லை. அதனால் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் புறப்பட்டார்கள். கரையிறங்கியதும் தங்கள் ஆலயத்துக்குச் சென்று செபித்தார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். குருக்களும் அருட்சகோதரிகளும் துணையாக இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால், படகை இறக்குவது என்ற முடிவு மக்களுடையது.

அந்த மக்கள் கத்தோலிக்கர்கள். திருச்சபையின் மொழியில் அவர்கள் ‘பொதுநிலையினர்’. அதாவது குருத்துவப் பட்டமோ துறவற வார்த்தைப்பாடோ இல்லாத சாதாரண கிறிஸ்தவர்கள்.

வடக்கில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாகச் செய்தி சேகரித்து வருகிறேன். காணி விடுவிப்புப் போராட்டமாக இருந்தாலும் சரி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய கொட்டகையாக இருந்தாலும் சரி, கையில் செபமாலையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைக் காணாத இடமில்லை. கடற்படையோடும் மாவட்டச் செயலகத்தோடும் ஆணைக்குழுக்களோடும் பேசிப் பழகியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் சொந்தப் பங்கில் திருவிழாச் செலவு எவ்வளவு, புதிய மண்டபம் ஏன் கட்டப்படுகிறது, ஆலயக் காணி யாருக்கு என்ன நிபந்தனையில் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்கும் இடம் இருக்கிறதா? நான் அறிந்த பல பங்குகளில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

குருவானவர் இல்லாத முப்பது வருடங்கள்

இலங்கைத் திருச்சபையின் வரலாற்றைக் குருக்களின் வரலாறாகச் சொல்வதுதான் வழக்கம். ஆனால், இங்கே திருச்சபை அழியாமல் தப்பியதே பொதுநிலையினரால்தான்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரின் கைக்கு மாறியது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கோவில்களாயின. 1687இல் ஜோசப் வாஸ் அடிகள் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும் வரை ஏறத்தாழ முப்பது வருடங்கள் இங்கே குருக்களின் பணி இருக்கவில்லை. இருந்தும் அவர் வந்தபோது கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். சில்லாலை மக்கள் ஆபத்தை அறிந்துகொண்டே அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். அந்த முப்பது வருடமும் செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான்.

ஜோசப் வாஸ் அடிகள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். ஒருசில குருக்களை வைத்துக்கொண்டு ஒரு தீவு முழுவதையும் பார்க்க முடியாது. எனவே ஊர் ஊராகச் சமூகத்தைப் பொறுப்பாக நடத்த மூப்பரையும், செபங்களையும் மறைக்கல்வியையும் நடத்த அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். குருவானவர் வருடத்தில் ஒரு தடவை வந்தாலும் சமூகம் குலையாமல் இருந்தது அந்த ஏற்பாட்டினால்தான். இன்று ‘அண்ணாவியார்’ என்றால் எங்களுக்குக் கூத்துப் பழக்குபவர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தச் சொல்லுக்குள் பொதுநிலையினர் ஒருவர் ஒரு சமூகத்தின் விசுவாசத்தையே பொறுப்பேற்று நடத்திய காலமும் இருக்கிறது. அவருடன் பணியாற்றிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தபசுகாலத்தில் இன்றும் ஊர் மக்களின் வாயால்தான் பாடப்படுகிறது.

பின்னர் மறைமாவட்டங்களும் குருமடங்களும் பாடசாலைகளும் வந்தன. குருக்களின் எண்ணிக்கை கூடியது. அதன் நன்மைகளை யாரும் மறுக்க முடியாது. ஆனால், அந்த வளர்ச்சியோடு மூப்பரின் பொறுப்பு மெல்ல மெல்லச் சுருங்கிக் கொடியேற்றத்துக்கு முன்வரிசையில் நிற்கும் மரியாதையாக மாறிவிட்டது.

இன்று யார் என்ன செய்கிறார்கள்?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம். அதில் கத்தோலிக்கர் 6.2 சதவீதம். மிகப் பெரும்பான்மையான ஏனையவர்கள் பொதுநிலையினர்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சாதாரண கிராமத்துப் பங்கை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு மறைக்கல்வி நடத்துபவர்கள் ஊதியமில்லாத ஆசிரியைகள். பாடகர் குழு, பீடத்தின் பூ அலங்காரம், ஆலயச் சிரமதானம், அன்பியக் கூட்டம், மரியாயின் சேனை, நோயாளர் சந்திப்பு, மரண வீட்டுச் செபம், நவநாள் நாட்களில் வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாமே மக்களின் தோளில். திருவிழாச் செலவுக்கு ஊரில் வீட்டுக்கு வீடு சேர்க்கிறார்கள். மிச்சம் பிரான்ஸ், கனடா, லண்டனிலிருந்து வருகிறது. யுத்தத்தில் உடைந்த ஆலயங்களில் பல அப்படித்தான் மீண்டும் எழும்பின. இதில் பாதிக்கும் மேற்பட்ட வேலையைச் செய்பவர்கள் பெண்கள். யுத்தத்துக்குப் பின் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களும் இதில் உண்டு.

இனி முடிவுகளின் பக்கம் வருவோம். அருட்பணிச் சபை என்று ஒன்று இருக்கும். நான் பார்த்த பல இடங்களில் அது கூடுவது திருவிழாவுக்கு முன்னர்தான். யார் எந்தத் திருப்பலியைப் பொறுப்பெடுப்பது, பந்தல் எங்கே போடுவது, ஒலிபெருக்கி யாரிடம் எடுப்பது என்பதே பேச்சு. எதைக் கட்டுவது, எதை இடிப்பது, எந்தச் சமூகப் பிரச்சினையில் பங்கு குரல் கொடுப்பது என்பது பங்குத்தந்தையின் அறையில் முடிவாகும். நல்ல பங்குத்தந்தை வாய்த்தால் மக்களைக் கேட்பார். சில வருடங்களில் அவருக்கு இடமாற்றம் வரும். அடுத்து வருபவர் கேட்காவிட்டால் எல்லாம் பழையபடி. அதாவது மக்களின் பங்கேற்பு அவர்களுடைய உரிமையாக இல்லை. வருகின்ற குருவானவரின் குணத்தைப் பொறுத்த சலுகையாக இருக்கிறது. பிரச்சினையின் மையம் இதுதான்.

சட்டப் புத்தகத்தில் இருப்பது

‘திருச்சபை அப்படித்தான், மாற்ற முடியாது’ என்று சொல்பவர்கள் உண்டு. திருச்சபையின் சொந்த ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையை முதலில் ‘இறைமக்கள்’ என்று வரையறுத்தது. ஆயர்களையும் குருக்களையும் பற்றிப் பேசுவதற்கு முன்னரே இறைமக்களைப் பற்றிய அதிகாரத்தை வைத்தது. பொதுநிலையினரின் பணிக்கென்று தனியான ஓர் ஆவணத்தை 1965 நவம்பரில் வெளியிட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இன்னும் தெளிவானது. திருச்சபையின் நன்மையைப் பற்றிய தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சிலவேளை கடமையும் உண்டு என்கிறது 212ஆவது சட்டம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 537. மக்கள் கொடுத்த காணிக்கைகளுக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287.

ஆனால், அதே சட்டத்தொகுப்பின் 536ஆவது சட்டம் பங்கின் மேய்ப்புப்பணிச் சபைக்கு ஆலோசனை சொல்லும் உரிமையை மட்டுமே கொடுக்கிறது. அப்படியொரு சபை வேண்டுமா என்பதும் ஆயரின் தீர்மானம். கதவைத் திறந்துவிட்டுச் சங்கிலியைப் போட்டது போன்ற நிலை இது.

அந்தச் சங்கிலியைத் தளர்த்தும் முயற்சிதான் பாப்பரசர் பிரான்சிஸ் 2021 ஒக்டோபரில் தொடங்கிய கூட்டொருங்கியக்கப் பயணம். எல்லாரும் சேர்ந்து நடப்பது, சேர்ந்து கேட்பது என்று எளிமையாகச் சொல்லலாம். 2023இலும் 2024இலும் உரோமையில் நடந்த அமர்வுகளில் வரலாற்றில் முதல் தடவையாகப் பொதுநிலைப் பெண்களும் ஆண்களும் ஆயர்களோடு சமமாக வாக்களித்தார்கள். 2024 ஒக்டோபர் 26ஆம் திகதி நிறைவேற்றப்பட்ட இறுதி ஆவணத்தைப் பாப்பரசர் அன்றே தன்னுடைய போதனையாக ஏற்றுக்கொண்டார்.

அந்த ஆவணம் எங்களுடைய பங்குகளுக்கு நேரடியாகச் சொல்வது நான்கு விடயங்கள். ஒன்று, மேய்ப்புப்பணிச் சபைகள் விருப்பத்துக்கு விடப்படாமல் கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டு, ‘வெறும் ஆலோசனை வாக்கு’ என்ற சட்ட வாசகம் மீளாய்வு செய்யப்பட வேண்டும். இறுதி முடிவு ஆயருடையதாக இருந்தாலும், முறையாகக் கலந்துபேசி மக்கள் வந்தடைந்த கருத்தை அவர் ஒதுக்கிவிட முடியாது. மூன்று, நிதிக்குழுக்கள் உண்மையாக இயங்க வேண்டும். வருடாந்தக் கணக்கு, இயன்றவரை வெளியாரின் கணக்காய்வோடு, வெளியிடப்பட வேண்டும். நான்கு, பெண்கள் தலைமைப் பொறுப்புகளை ஏற்பதைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை. பெண்களுக்குத் திருத்தொண்டர் பட்டம் வழங்கும் கேள்வியையும் அது மூடிவிடவில்லை.

2025 ஏப்ரல் 21ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலமானார். ஆனால், அவர் அதற்கு முன்னரே ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டின்படி இந்த ஆவணத்தை மறைமாவட்டங்களில் நடைமுறைப்படுத்தும் காலம் 2028 ஒக்டோபரில் வத்திக்கானில் கூடவிருக்கும் திருச்சபைப் பேரவை வரை நீள்கிறது. ஆகவே இது நடந்து முடிந்த கதையல்ல. எங்கள் பங்குகளில் இப்போது நடந்துகொண்டிருக்க வேண்டிய வேலை. உங்கள் பங்கில் இந்த ஆவணத்தைப் பற்றி எத்தனை தடவை பேசப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருவரின் குரலில் தங்கியிருந்த திருச்சபை

இது கணக்கு வழக்குப் பிரச்சினை மட்டுமல்ல. தமிழ்ச் சமூகத்தின் அரசியல் வாழ்வோடும் தொடர்புடையது.

1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை யுத்தகாலத்திலும் அதன் பின்னரும் பேசிய அளவுக்கு இந்த நாட்டில் வேறெந்தச் சமயத் தலைவரும் பேசியிருக்கமாட்டார். வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்ற கேள்வியை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தவர் அவர். அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிபரங்களிலிருந்தே அந்தக் கேள்வியைக் கட்டியெழுப்பினார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் மறைந்தபோது மதங்களைக் கடந்து மக்கள் அழுதார்கள்.

அவருடைய மறைவுக்குப் பின்னர் ‘திருச்சபையின் குரல் குறைந்துவிட்டது’ என்ற கவலையைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்து வந்த ஆயர்களை அவரோடு ஒப்பிட்டுக் குறைசொல்வதாகவே அந்தப் பேச்சு பெரும்பாலும் முடியும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எல்லா ஆயர்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். கேட்க வேண்டியது வேறு. ஒரு மறைமாவட்டத்தின் நீதிக்கான குரல் ஏன் ஒரு மனிதரின் துணிவில் மாத்திரம் தங்கியிருந்தது? அவர் பேசிய காலத்திலேயே அந்தப் பணியை எடுத்து நடத்தக்கூடிய பொதுநிலையினர் அமைப்புகள் ஒவ்வொரு பங்கிலும் வேரூன்றியிருந்தால், அவர் போன பின்னரும் அது தொடர்ந்திருக்கும் அல்லவா?

தொடர முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் உட்கார்ந்தபோது எந்தத் தலைவரும் அவர்களை அழைக்கவில்லை. சைவத் தாயும் கத்தோலிக்கத் தாயும் ஒரே பாயில் இருந்தார்கள். அதே வருடம் முள்ளிக்குளம் மக்கள் கடற்படை முகாமுக்கு முன்னால் வாரக்கணக்கில் இருந்து, தங்கள் காணியில் ஒரு பகுதியை விடுவிப்பதற்கான உறுதிமொழியைப் பெற்றார்கள். 2021 மார்ச்சில் கொவிட் தொற்றால் இறந்தவர்களை இரணைதீவில் புதைக்க அரசாங்கம் முடிவெடுத்தபோது மீண்டும் வீதிக்கு வந்தவர்களும் அந்தத் தீவின் மக்களே.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலும் இதையே சொல்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தின் வாசலில் குண்டுதாரியை உள்ளே விடாமல் மறித்து, தன் உயிரைக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றியவர் பதவி எதுவுமில்லாத ஒரு சபை உறுப்பினர். தாக்குதலைத் தடுக்கத் தவறியவர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போன 12 மனுக்களில் ஆயர்களின் பேரால் வந்ததைவிட, பிள்ளைகளை இழந்த பெற்றோர் உள்ளிட்ட சாதாரண குடிமக்களின் முயற்சியே கூடுதலாக இருந்தது. 2023 ஜனவரி 12ஆம் திகதி வந்த தீர்ப்பு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. பொதுநிலையினர் குடிமக்களாகவும் விசுவாசிகளாகவும் ஒரே நேரத்தில் நிற்கும்போது கிடைக்கும் வலு இது.

வாக்கு இருந்தால் போதுமா?

இந்த இடத்தில் ஏனைய திருச்சபைகளையும் பார்க்க வேண்டும். அங்கிலிக்கன் திருச்சபையிலும் மெதடிஸ்த திருச்சபையிலும் 1947இல் உருவான தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்திலும் பொதுநிலையினர் பிரதிநிதிகள் பேரவைகளில் அமர்ந்து வாக்களிக்கிறார்கள். கத்தோலிக்கர் இன்று கேட்பதில் பெரும்பகுதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால், வாக்குரிமை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. இந்தியாவில் தென்னிந்திய திருச்சபையின் நிர்வாகத் தேர்தல் தகராறுகள் சென்னை உயர் நீதிமன்றம், டில்லி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. சொத்தும் பதவியும் இருக்கும் இடத்தில் கோஷ்டியும் வரும். மறுபக்கம், யுத்தத்துக்குப் பின் வன்னியில் பெருகிய சிறிய சுயாதீன சபைகளில் சாதாரண மக்கள் எழுந்து சாட்சி சொல்கிறார்கள், செபம் நடத்துகிறார்கள். எங்கள் ஆலயங்களிலிருந்து அங்கே போனவர்களிடம் காரணம் கேட்டால், அங்கே தங்களை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கிறது. ஆனால், அத்தகைய சபைகள் பலவற்றில் பணமும் முடிவும் ஒரே போதகரின் கையில். பாடுவதற்கும் சாட்சி சொல்வதற்கும் இடம் கிடைப்பது ஒன்று. கணக்குக் கேட்க இடம் கிடைப்பது இன்னொன்று.

கத்தோலிக்கர் மத்தியில் இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களும் உண்டு. திருச்சபை சனநாயகமல்ல, பெரும்பான்மை வாக்கால் விசுவாசத்தைத் தீர்மானிக்க முடியாது என்பார்கள். சரி. ஆனால், மண்டபத்துக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்பது விசுவாசக் கோட்பாடு அல்ல.

இரண்டாவது வாதம் கனமானது. மக்களிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் ஊரில் பலமான குடும்பங்களும் சாதியும் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது. யாழ்ப்பாணத்தில் ஆலயங்களே சாதி பார்த்துப் பிரிந்து நின்ற வரலாற்றை வைத்துக்கொண்டு இந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. சில இடங்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக நின்றவர் பங்குத்தந்தை. எதிர்த்து நின்றவர்கள் ஊர்ப் பெரியவர்களான பொதுநிலையினர். ஆனால், இதற்கு மருந்து சபையே வேண்டாம் என்பதல்ல. அச்சபையில் யார் இருக்கிறார்கள் என்பதை ஒழுங்குபடுத்துவதுதான். பெண்களுக்கும் இளையோருக்கும் ஒவ்வொரு அன்பியத்துக்கும் இடம் ஒதுக்கி, ஒருவர் தொடர்ந்து இருக்கக்கூடிய காலத்துக்கு எல்லை வைத்தால், ஒரு குடும்பமே நிரந்தரமாகக் குந்தியிருக்க முடியாது.

மூன்றாவது தடை மக்களிடமே இருக்கிறது. ‘சுவாமி சொன்னால் சரி’ என்று சொல்லிவிட்டு, ஆலய வாசலைத் தாண்டியதும் முணுமுணுப்பது எங்களுடைய பழக்கம். கூட்டத்தில் வாய் திறக்காமல் தேநீர்க் கடையில் பேசுவதால் எந்தப் பங்கும் மாறப்போவதில்லை. கேள்வி கேட்பதைக் குருவானவருக்கு மரியாதைக் குறைவாக நினைக்கும் மனநிலை மாறாதவரை எந்த ஆவணமும் கடதாசிதான்.

கணக்கிலிருந்து தொடங்கலாம்

பெரிய புரட்சி எதையும் நான் பரிந்துரைக்கவில்லை. ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதை நடைமுறைப்படுத்தக் கேட்டாலே பாதிவழி வந்துவிடும்.

ஒவ்வொரு பங்கின் வரவு செலவும் வருடத்துக்கு ஒரு தடவை ஆலய அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பணமும் அதில் இருக்க வேண்டும். அருட்பணிச் சபை திருவிழாவுக்கு மட்டுமன்றிக் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடி, கூட்டக் குறிப்பை மக்களுக்கு வாசிக்க வேண்டும். அதில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பங்குத்தந்தை மாறினாலும் அதன் முடிவுகள் மாறக்கூடாது. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், போதைப்பொருள், நுண்கடன் என்று ஊரை வருத்தும் விடயங்களுக்குப் பொதுநிலையினர் தலைமையில் ஒரு குழு வேண்டும். மறையாசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும். இறுதி ஆவணத்தைத் தமிழில் எளிமையாக்கி அன்பியங்களில் வாசிக்க வேண்டும். இதில் எதற்கும் உரோமையின் புதிய அனுமதி தேவையில்லை. ஆயரின் ஒரு சுற்றறிக்கையும் மக்களின் விடாப்பிடியும் போதும்.

குருக்களுக்கும் இதில் ஆறுதல் இருக்கிறது. இரண்டு மூன்று ஆலயங்களைத் தனியாகச் சுமந்து, கட்டட வேலையும் கணக்கும் பார்த்து, ஞாயிறு பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்ய நேரமின்றி ஓடும் இளம் குருக்களை நான் அறிவேன். பொறுப்பைப் பகிர்ந்துகொண்டால் அவர்கள் தங்கள் அழைப்புக்குரிய வேலையைச் செய்யலாம்.

குருவானவர் இல்லாமல் முப்பது வருடம் விசுவாசத்தைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவதால் திருச்சபைக்கு எந்த ஆபத்தும் வந்துவிடாது. 2028இல் உரோமையில் பேரவை கூடும்போது எங்கள் மறைமாவட்டங்களிலிருந்து என்ன அறிக்கை போகும் என்பது இன்னும் எழுதப்படவில்லை. அடுத்த அருட்பணிச் சபைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, இந்த வருடக் கணக்கைப் பார்க்கலாமா என்று மரியாதையோடு கேட்டால் அதன் முதல் வரி எழுதப்பட்டுவிடும்.